அண்ணனைத் திட்டி வரைந்த நோட்டு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இப்போது வயதாகிவிட்டது. கோபம் வந்தாலும், எழுந்து நிற்பதற்குள் எதற்காக வந்தது என்பதே மறந்துபோகிறது. எழுபதுகளின் நடுவில், முப்பத்தைந்து வயதில், அப்படி இல்லை. வீட்டில் சொம்பு தண்ணீர் சூடாக இருந்தாலும் கத்துவேன், ஆறியிருந்தாலும் கத்துவேன்.

பாகூருக்கும் கிருமாம்பாக்கத்துக்கும் நடுவில் எங்கள் நிலம். அப்பா காலமானபின் அண்ணனும் நானும் பாகம் பிரித்துக்கொண்டோம். நிலத்தை வரப்புப் போட்டு இரண்டாக்க முடிந்தது, போர் கிணற்றையும் அதன் மோட்டாரையும் இரண்டாக்க முடியவில்லை. அதனால் ஒரு நாள் தண்ணீர் அவருக்கு, மறுநாள் எனக்கு. இதற்கு முறை என்று பெயர். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். எங்களுக்கு முறையும் வேறாக இருந்தது.

ஒரு சித்திரை மாதம். கரும்பு வாடிக்கொண்டிருந்தது. பகலில் நாலு மணி நேரம் கரண்ட் வந்தால் அதிகம். எங்கள் பக்கத்தில் நிலத்துக்குக் கொல்லை என்று பெயர். என் முறை நாளில் கொல்லைக்குப் போனேன், தண்ணீர் அண்ணன் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

"நேத்து என் மொறையில கரண்டே வரலடா. அதுக்கு ஒரு மணி நேரம் வுட்டுக்கறேன்" என்றார்.

நியாயமான பேச்சுதான். இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு நான் அவர் கையிலிருந்த குடையைப் பிடுங்கி வாய்க்காலில் வீசி எறிந்தேன். "இனிமே உன் மூஞ்சில முழிக்கமாட்டேன்" என்று கத்தினேன். அந்தக் குடை என் பக்கம் வராமல், மிதந்துகொண்டே அவர் வயலுக்குள் போய்ச் சேர்ந்தது. அதற்கும் எனக்குக் கோபம் வந்தது.

அதோடு பேச்சு நின்றது. ஒரே கொட்டகையில் ஒரே மோட்டாரை வைத்துக்கொண்டு பேசாமல் எத்தனை நாள் ஓட்டுவது? எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு வழி உண்டு, ஜாடையாகப் பேசுவது. எதிரில் நிற்கும் ஆளைப் பார்க்காமல், பக்கத்தில் எது இருக்கிறதோ அதனிடம் சொல்லிவிட வேண்டும். அண்ணன் தன் எருதிடம் சொல்வார்: "இன்னா மாடே, சாவிய ஆணியில மாட்டிட்டுப் போனா சில பேருக்குக் கை தேஞ்சி பூடுமா?" நான் மோட்டார் கொட்டகையின் கதவிடம் பதில் சொல்வேன்: "கதவே, கண்ணு இருக்கறவங்களுக்கு ஆணியில சாவி மாட்டியிருக்கறது தெரியும்." சாவி உண்மையில் என் மடியில்தான் இருக்கும். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் மாட்டிவிடுவேன்.

வைகாசியில் ஒரு நாள் எனக்குத் தலை சுற்றியது. டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார். பிரஷர் ஏறியிருக்கிறது, உப்பைக் குறை, கோபத்தைக் குறை என்றார். உப்பை என் மனைவி அன்றைக்கே குறைத்துவிட்டாள். அதனால் என் கோபம் இரண்டு மடங்கானது.

அவள்தான் அந்த நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். மகளுக்கு வாங்கி, பள்ளிக்கூடத்தில் அந்த மாதிரி வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் மிச்சமாகிக் கிடந்த நோட்டு. ஒரு பக்கம் கோடு போட்டிருக்கும், எதிர்ப்பக்கம் படம் போடுவதற்கு வெள்ளையாக இருக்கும்.

"இன்னா கோவமோ அத இதுல எழுதிடுங்க. எங்க மேல பாயாதீங்க" என்றாள்.

மோட்டார் கொட்டகைக்கு வெளியே தண்ணீர் விழும் சிமெண்டுத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து முதல் நாள் எழுதினேன். அண்ணனைப் பற்றி ஒரு வரி எழுதினால் அது இன்னொரு வரியை இழுத்துவந்தது. பழைய கணக்கெல்லாம், சின்ன வயதில் என் பம்பரத்தை உடைத்தது வரைக்கும், கிளம்பி வந்தது. பக்கம் நிறைவதற்குள் காது சூடாகிவிட்டது. எழுந்து போய் அடித்துவிடலாமா என்றிருந்தது.

அடுத்த நாள் எழுத வார்த்தை அகப்படாமல், வெள்ளைப் பக்கத்தில் ஒரு கொக்கை வரைந்தேன். நீளக் கழுத்து, தலையில் முண்டாசு, இறக்கைக்கடியில் ஒரு குடை. அண்ணனுக்குக் கழுத்து கொஞ்சம் நீளம். வரைந்து முடித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன். வரப்புக்கு அந்தப் பக்கம் நின்ற அண்ணன் எருதிடம், "மாடே, சில பேருக்குப் பித்தம் தலைக்கேறிடுச்சி போல" என்றார். எனக்குக் கோபமே வரவில்லை.

இப்படித்தான் ஆரம்பித்தது. கோடு போட்ட பக்கத்தில் தேதியும் அன்றைய கோபமும் ஒரே வரியில். வெள்ளைப் பக்கத்தில் படம். 'வரப்பில் என் பக்கத்து மண்ணை வெட்டிவிட்டான்' என்று எழுதி, எதிரில் ஒரு பெருச்சாளி. 'சித்தப்பா வீட்டுப் பந்தியில் என்னைப் பார்த்ததும் எழுந்து போய்விட்டான்' என்று எழுதி, எதிரில் கொம்பு வைத்த எருமை. மரியாதையெல்லாம் நோட்டுக்கு வெளியில்தான். எருமைக்கு முகம் மட்டும் அண்ணன் முகமாக வரவேண்டும் என்று பாடுபட்டேன். மூக்கு வரவே வராது. ரப்பரால் அழித்து அழித்துத் தாள் கிழியும்.

மூக்கு வரவேண்டுமென்றால் மூக்கைப் பார்க்கவேண்டும். முகத்தில் முழிக்கமாட்டேன் என்று சபதம் போட்ட நான், தொட்டிமேல் உட்கார்ந்து அந்த முகத்தையே நாள் தவறாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் குனிவது, நிமிர்வது, பீடி பற்றவைக்கும்போது காற்றுக்கு முதுகைத் திருப்புவது. திட்டுவதற்காக ஒருவனைப் பார்க்கும்போது நமக்கு வேண்டியது மட்டும்தான் கண்ணில் படும். வரைவதற்குப் பார்த்தால் காது எந்த இடத்தில் தொடங்குகிறது என்றுகூடத் தெரிந்தாக வேண்டும். அதற்குக் கொஞ்சம் சும்மா இருக்க வேண்டியிருந்தது. அப்படிச் சும்மா இருந்து எனக்குப் பழக்கமே கிடையாது. தொட்டியில் தண்ணீர் விழும் சத்தத்தை அப்பா காலத்திலிருந்து கேட்கிறேன், அந்த ஆனி மாதத்தில்தான் அதை முதல்முறையாகக் கேட்டதுபோல் இருந்தது.

மெல்ல மெல்ல மற்றதும் நோட்டுக்குள் வந்தது. நடவு வயலில் பெண்கள் செருகிய சேலைக் கொசுவம். என் மனைவி மீன் ஆயும்போது அரிவாள்மணையை மிதித்திருக்கும் கால் விரல்கள். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு என் சொந்தக் கால். ஒரு நாள் சவரம் செய்யும் கண்ணாடியைத் தொட்டிமேல் சாய்த்துவைத்து என்னையே வரைந்தேன். வீட்டில் மனைவி எடுத்துப் பார்த்துவிட்டு, "இன்னாங்க, இன்னிக்கும் உங்க அண்ணனத்தான் போட்டிருக்கீங்களா?" என்று கேட்டாள். நான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அதே நெற்றிச் சுருக்கம், அதே கீழுதடு. அவரிடம் எனக்குப் பிடிக்காமல் இருந்ததெல்லாம் என் முகத்திலும் இருந்தது. கம்பவுண்டர் அடுத்த தடவை பட்டை சுற்றிப் பார்த்துவிட்டு, "உப்ப நல்லா கொறச்சிட்ட போல" என்றார்.

ஆவணிக்குப் பிறகு அண்ணன் தன் முறை இல்லாத நாளிலும் கொல்லைக்கு வர ஆரம்பித்தார். வேலை ஒன்றும் செய்யமாட்டார். வரப்பில் உட்கார்ந்திருப்பார், நான் கிளம்பும்போது கிளம்பிவிடுவார். 'என் முறையில் வந்து உட்கார்ந்து வேவு பார்க்கிறான்' என்று எழுதிவைத்தேன். ஆனாலும் அதற்குள் கோபத்தின் காரம் குறைந்திருந்தது. மிருகமெல்லாம் நின்றுபோய், ஆளை ஆளாகவே வரைந்துகொண்டிருந்தேன். உட்கார்ந்திருக்கும் ஆளை வரைவது சுலபம் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் யாரும் கொல்லைக்குப் போகவில்லை. நோட்டு முடியப்போகிறது, ஒரு தாள்தான் பாக்கி. வீட்டில் வேலையில்லாமல் உட்கார்ந்து முதலிலிருந்து புரட்டினேன். கொக்கு, பெருச்சாளி, எருமை. ஆடி மாதப் படங்களில் அண்ணன் காலை அகட்டி, இரண்டு கையையும் இடுப்பில் வைத்து, ஜமீன்தார் மாதிரி நின்றார். ஆவணியில் மண்வெட்டிக் காம்பில் சாய்ந்து நின்றார். புரட்டாசியில் நிற்கவே இல்லை. பனியன் தோளிலிருந்து தொங்கியது. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. நான் அதைக் கஷ்டப்பட்டு, நிழல் கொடுத்து, நன்றாக வரைந்திருந்தேன்.

கடைசிப் பத்துப் பதினைந்து படங்களிலும் அவருடைய வலது கை ஒரே இடத்தில் இருந்தது. விலா எலும்புக்குக் கீழே, வலப்பக்கம், அழுத்திப் பிடித்தபடி.

எங்கள் அப்பா கடைசி வருஷம் முழுக்க அப்படித்தான் பிடித்துக்கொண்டிருந்தார். கேட்டால் வாயு என்பார். வாயு என்று சொல்லிக்கொண்டே போய்ச் சேர்ந்தார்.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளும் படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "தானாடாவிட்டாலும் தன் சதையாடும்பாங்க, போய்ச் சொல்லுங்க" என்றாள்.

போனால் போதாது. அண்ணன் தனக்கு உடம்பு சரியில்லை என்று செத்தாலும் ஒப்புக்கொள்ளும் ஆள் இல்லை. அதிலும் என்னிடம். நோட்டைக் காட்டினால்தான் நம்புவார். நோட்டைக் காட்டுவதென்றால் கொக்கையும் பெருச்சாளியையும், எதிர்ப்பக்கத்தில் நான் எழுதியிருக்கும் 'அவன் இவன்' எல்லாவற்றையும் காட்டவேண்டும். முன்பக்கத் தாள்களைக் கிழித்துவிடப் போனேன். மனைவி கையைப் பிடித்தாள்.

"நடுவுல தைச்ச நோட்டு. முன்னாடி ஒன்னு கிழிச்சா பின்னாடி ஒன்னு கழண்டு வரும்" என்றாள்.

பிரித்துப் பார்த்தேன். கொக்கு வரைந்த தாளும், விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கடைசிப் படத்தின் தாளும் ஒரே தாளின் இரண்டு பாதிகள். முழு நோட்டையும் உர மூட்டையின் பிளாஸ்டிக் உறையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். சாக்கைக் கொங்காணி போட்டுத் தலையை மூடிக்கொண்டு, இரண்டு வீடு தள்ளியிருந்த அண்ணன் வீட்டுக்கு, ஆறு மாதத்துக்குப் பிறகு போனேன்.

பட்டப்பகலில் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அண்ணி என்னைக் கண்டதும் பயந்துவிட்டாள், யாருக்கு என்ன ஆயிற்றோ என்று. "ரெண்டு நாளா ஒடம்பு அனலா கொதிக்குது தம்பி. கேட்டா மழைல நனைஞ்சதுன்றாரு" என்றாள்.

அண்ணன் சுவரிடம் சொன்னார்: "யாரோ வந்திருக்காங்க போல. ஒக்காரச் சொல்லு."

"ஆஸ்பத்திரிக்குப் போவலாம் அண்ணே."

"எனக்கு இன்னா கேடு? சுவரே, எனக்கு இன்னா கேடுன்னு கேளு."

நோட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். எழுந்து உட்கார்ந்து, கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து பார்த்தார். ஒரு தாளையும் விடவில்லை. வலது பக்கம் படம், இடது பக்கம் வாசகம். உதடு அசைய அசையப் படித்தார். அண்ணி பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். எருமை வந்தபோது அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. எதிர்ப்பக்கத்தைப் படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. எனக்குக் கோபக்காரன் என்று ஊரில் பெயர். நான் கோழையும்தான் என்பது எனக்கு மட்டும் தெரியும். அந்த அரை மணி நேரம் அந்த இடத்தில் உட்கார்ந்திருக்க என் உயிரே போயிற்று.

"மூக்கு இவ்ளோ பெருசாவா இருக்கு?" என்றார் அண்ணன். அதை அண்ணியிடம்தான் கேட்டார்.

பிறகு மிருகங்கள் தீர்ந்துவிட்டன. அவர் தாளைத் திருப்பும் வேகம் குறைந்தது. கடைசி சில பக்கங்களைத் திருப்பிவிட்டு, மறுபடியும் பின்னால் போய்ப் பார்த்தார். அண்ணி படத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அப்போதும் அவர் வலது கை அதே இடத்தில் இருந்தது. அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அண்ணன் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சுவரை விட்டுவிட்டார்.

"அப்பா மாரியே போட்டிருக்கடா" என்றார்.

மறுநாள் காலையில் மெயின் ரோட்டுக்கு வந்து கடலூரிலிருந்து வந்த பஸ்ஸைப் பிடித்தோம். அரியாங்குப்பம் பாலம் வரைக்கும் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அண்ணன் என் தொடையை இறுக்கிப் பிடித்தார். பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரியில் அவரைப் பார்த்தது ஒரு லேடி டாக்டர், கண்டிப்பானவர். வலது விலாவுக்குக் கீழே விரலால் தட்டியதும் அண்ணன் கட்டிலிலிருந்து எகிறினார்.

"எத்தனை நாளா இந்த வலி?"

"நாலு நாளா" என்றார் அண்ணன். "பத்து நாள் இருக்கும்மா" என்றாள் அண்ணி. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எங்கள் மூன்று பேரையும் பார்த்தார்.

நான் நோட்டைப் பிரித்தேன். கை முதன்முதலாக விலாவுக்குப் போன படத்தைத் தேடி எடுத்து அவரிடம் நீட்டினேன். அவர் படத்தைப் பார்த்துவிட்டு, தேதி என்ன, எதிரில் என்ன எழுதியிருக்கிறது, படி என்றார்.

என் எழுத்தை நானே வாய்விட்டுப் படிக்க வேண்டியதாயிற்று. தேதி ஆவணி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. 'மோட்டாரை நிறுத்தாமலே கிளம்பிப் போய்விட்டான். திமிர் பிடித்தவன்.'

"அன்னிக்கிதான் மொத தடவ" என்றார் அண்ணன் மெதுவாக. "கொட்டாய் வரைக்கும் நடக்க முடியல. வரப்புலயே கொஞ்ச நேரம் படுத்திருந்துட்டு வூட்டுக்குப் போனேன்."

டாக்டர் எழுதிக்கொண்டார். இரண்டு மாதத்துக்கு மேல் என்று எழுதியதை நான் பார்த்தேன். அவர் அடுத்த பக்கங்களையும் கேட்டு வாங்கிப் புரட்டினார். 'பிள்ளையார் சதுர்த்திப் படையலுக்கு வரவில்லை, கர்வம்.' 'களை எடுக்காமல் போட்டுவைத்திருக்கிறான், சோம்பேறி.' ஒவ்வொரு வரிக்கும் எதிரில் விலாவைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதன். கல்லீரலில் சீழ் கட்டியிருக்கிறது, வெடித்திருந்தால் பிழைக்கவைப்பது கஷ்டம், ஊசி போட்டு எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். அண்ணனுக்குச் சாயங்காலமானால் சாராயம் உண்டு, அதை விட்டுவிடவேண்டும் என்றார். அப்பாவுக்கும் இதுதானா என்று அண்ணன் கேட்டார். அவரைப் பார்க்காமல் எப்படிச் சொல்வது என்றார் டாக்டர்.

தடித்த ஊசியைக் குத்திச் சீழை எடுத்தார்கள், ஒரு படி அளவுக்கு. மூன்றாம் நாள் ஜுரம் விட்டது. அன்றைக்கு மதியம் அண்ணி துணி துவைக்கப் போயிருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "நீ வேவு பாக்க வரன்னு எழுதிட்டேன் அண்ணே" என்றேன். "ஒன் மொறை இல்லாத நாள்ல வந்து ஒக்காந்தியே, அத."

"படிச்சேன்."

"எனக்குக் கோவம் வந்தா கண்ணு தெரியாது. மன்னிச்சிடு."

அண்ணன் மேலே சுற்றும் விசிறியைப் பார்த்தபடியே பேசினார்.

"வலி எப்ப வரும்னு தெரியாதுடா" என்றார். "வூட்ல வந்தா அவ கத்திக் கூப்பாடு போட்ருவா, ஆஸ்பத்திரிக்கி இழுத்துக்கினு வந்துடுவா. அப்பாவுக்கு வந்ததுதான் இதுன்னு சொல்லிடுவாங்களோன்னு பயம். கொல்லைல தனியா கெடக்கவும் பயம். நீ அந்தத் தொட்டி மேல குந்திக்கினு இன்னாத்தையோ கிறுக்கிக்கினே இருப்ப. சரி, வுழுந்தா இவன் பாத்துருவான்னு வந்து ஒக்காந்துக்குவேன்."

உரித்த ஆரஞ்சு என் கையில் இருந்தது. அவர் அதை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார், எனக்குக் கொடுக்கத் தெரியவில்லை. கட்டில் சட்டத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு, வார்டில் பத்துப் பேர் பார்க்க, சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.